நாற்பத்தோராம் நிமிடம்

கடைசிதான் முதலில் வந்தது.
ஒலி இன்னார், ஒளி இன்னார் என்று பெயர்கள்,
பிறகு நடுவில் எங்கோ ஒரு காகம்,
பிறகு பாண்டிருப்புப் பக்கம் ஒரு மதிலின் பாதி.

கல்முனைச் சந்தைக்குப் பின்னால், நான்காம் மெசினில்,
செக்கனுக்கு மூன்று கிலோபைட்.
எங்கோ ஒரு தேசத்துப் பொதுத் தொலைக்காட்சி
எங்கள் கரைக்கு வந்து எடுத்துப்போன படம்.
மக்கள் வரியில் எடுத்தது, யாரும் எடுக்கலாம் என்று
தானே உடைத்து வலையில் விட்டிருந்தது,
ஈராயிரத்து எண்ணூறு துண்டாக.

"வாங்குறவன்தான் குடுக்கிறவனும்" என்று
நிஹாறா ராத்தாவுக்கு விளக்கினேன்.
"சீட்டுப் போல" என்றா.
சீட்டுப் போலத்தான், சீட்டுக்காரி மட்டும் இல்லை.
எடுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு
இதில் அட்டை என்று பேர்.
சம்மாந்துறை வயலில் களை பிடுங்கிய கால்,
கேட்டதும் தானாக உள்ளிழுத்துக்கொண்டது.

தொண்ணூற்றொன்பதே முக்காலில் நின்றது.
முழுதாக வைத்திருந்தவன் ஒரேயொருவன்,
அவன் போய்விட்டான்.
மிச்சம் பதினாலு பேர். பதினாலு பேரிடமும்
அதே ஏழு துண்டு இல்லை.
ஓட்டிப் பார்த்தால்
ராத்தா வாய் திறக்கும் இடத்தில் சாம்பல் கட்டங்கள்.
ஒருவர் ஓட்டையை மற்றவர் பார்த்தபடி
பதினொரு நாள் இருந்தோம்.
ஒரு நாள் ஹர்த்தால்.
ஒரு நாள் ரஜாய் நானா கரண்ட் பில்லைத் தூக்கிக் காட்டினார்.
ராத்தா மீன்பையோடு வந்து கதவில் நின்று
"வந்திட்டானா?" என்பா,
மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்பதுபோல.

பன்னிரண்டாம் நாள், சுபஹுக்கு முன், வந்தான்.
அரை மணித்தியாலம் நின்றிருப்பான், அவ்வளவுதான்.
விடியும்போது பதினாலு பேரும் நிறைந்திருந்தோம்.

ராத்தா கரையில் நிற்கிறா. முக்காடு பறக்கிறது.
பின்னால் தொண்டு நிறுவன வண்டி ஒன்று.
"எங்கட தோணி" என்கிறா.
அதற்கு மேல் ஒரு ஆண்குரல் ஏறிக்கொள்கிறது,
இதமான, நன்றாகச் சாப்பிட்ட குரல்.
கீழே அவ வாய் மட்டும் அசைகிறது.

"என்ன சொல்றான்?"

"நீங்க கடல மன்னிச்சிட்டீங்களாம்."

கொஞ்ச நேரம் மெசினின் விசிறி மட்டும் சுற்றியது.

"தோணி பட்டியல்ல இல்ல எண்டுதான்டா சொன்னன்.
ஜீஎஸ் ரெண்டு தரம் எழுதிட்டுப் போனார்.
எஞ்சின் நம்பரும் சொன்னன்.
கடலப்பத்தி ஒரு சொல்லும் சொல்லல்ல.
கடல மன்னிக்க நான் ஆரு?"

பதினாலு பேரிடம் இருக்கிறது அந்த மன்னிப்பு.
இனி யாராலும் அழிக்க ஏலாது.
அதுதான் இதன் பெருமை என்று
நேற்று நானே சொல்லியிருந்தேன்.

நோட்பேடைத் திறந்தேன்.
தன் உதட்டைத் தானே பார்த்துப் பார்த்துச் சொன்னா.
நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி.
41:07, எங்கட தோணி பட்டியல்ல இல்ல.
41:10, ஜீஎஸ் ரெண்டு தரம் எழுதினார்.
41:13, எஞ்சின் நம்பர். அதில் ஒரு இலக்கம் மறந்துபோய்
போன் போட்டு மகனை எழுப்பிக் கேட்டா.
பிறகு அதையே இங்கிலீசிலும் எழுதினேன்.
என் இங்கிலீசில் பிழை இருக்கும்.
நம்பரில் இல்லை.

படத்தோடு அந்தச் சிறு கோப்பையும் கட்டி
புதிதாக ஒன்று விட்டோம்.
விதைப்பவர்: 1. அது நாங்கள்.
எடுப்பவர்: 0.

"மெசின நிப்பாட்டிராத" என்றா.
"பில்லுக்கு ரஜாய்க்கு நான் கீரிமீன் குடுக்கன்."

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளேயே படுத்தேன்.
இரண்டு தரம் கரண்ட் மினுங்கி மீண்டது.
நாலரைக்கு விழிப்பு.
எடுப்பவர்: 1.
எந்த நாடோ தெரியாது.
அவனுக்கும் போய்க்கொண்டிருந்தன
முதலில்
அந்தக் கடைசிப் பெயர்கள்.